வலி தாங்குறவ

ஜனவரி 9

என் வாயாடித் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறது. நலமான்னு கேட்கப் போறதில்லை. நீ நலமில்லைன்னா இந்நேரம் ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு நினைப்பே. போன்ல நான் ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள நீ பத்து வரி பேசிடுவே. அதோட எங்க வீட்டுல இருக்கிறதே ரெண்டு அறை. நான் 'ம்'னு சொன்னாலே மாமியார் அடுப்படியில இருந்து 'யாரு, என்னவாம்?'னு கேட்பாங்க. காகிதத்துல நீ குறுக்கே பேச முடியாது. முழுசாப் படி. படிச்சு முடிக்கிற வரைக்கும் கத்தாதே.

கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு. தெருமுனை கிளினிக் டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அடுத்த மாசக் கடைசியில தேதி. நானும் சரின்னுட்டேன்.

பின்ன என்ன செய்யச் சொல்றே? வயித்து டாக்டர் கேஸ்னு சொல்லி மாத்திரை கொடுத்தார். இன்னொருத்தர் சிறுநீர்ல கிருமின்னார். கிருமியே இல்லைன்னு ரிப்போர்ட் வந்த பிறகும் மனுஷன் கிருமிக்குத்தான் மருந்து எழுதினார். ஸ்கேன் எடுத்தவர் என்னமோ பரிசு கொடுக்கிற மாதிரி 'எல்லாம் நார்மல்மா'ன்னார். நார்மல்னா ஏன் சார் உயிர் போகுதுன்னு கேட்டேன். மனசை லேசா வச்சுக்கணுமாம். மனசுக்கும் டாய்லெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்த நாட்கள்ல டாய்லெட் போறதுன்னா கண்ணாடித் துண்டை வெளியே தள்ற மாதிரி இருக்கு. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? பேசாம வந்துட்டேன்.

வேலையிலயும் கெட்ட பேர் வந்தாச்சு. உனக்குத் தெரியும், எங்க தையல் தொழிற்சாலையில துணி வெட்டுற கட்டிங் மேஜையில என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போ மேஜை விளிம்புல வயித்தை அழுத்திக்கிட்டுத்தான் மிஷினை ஓட்டுறேன். அழுத்தினா கொஞ்சம் அடங்கும். போன மாசம் வலியில மிஷின் கத்தி விலகி, அடுக்கின துணி முழுக்க, சட்டைக்குக் கை பொருத்துற இடம் கோணலாப் போச்சு. அத்தனையும் பாழ். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை. என்னை பட்டன் தைக்கிற பக்கம் மாத்தலாமான்னு பேசிக்கிறாங்களாம். பட்டன்! நான்!

வீட்டுக்கு வந்தா மாமியார், 'ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் தானா சரியாயிடும்'ங்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரி தலைகீழா நிக்கச் சொல்றா. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்கூட ஒரு யோசனை சொன்னார்டி. என் வயிறு என்ன பொது மைதானமா?

தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் போனா என்ன, முழம் போனா என்ன. எடுத்துப் போட்டா விட்டது தொல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்க. என் புருஷன், உன் அருமை மாமா, விசாரிச்சதா எழுதச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 15

அன்பும் கோபமும் சரிசமமா கலந்து, என் அக்காவுக்கு,

கத்தலை. ஆனா பேனாவை அழுத்தினதுல காகிதம் ரெண்டு இடத்துல கிழிஞ்சிருக்கு, பார்த்துப் பிரி.

நான் என்ன வேலை பார்க்கறேன் அக்கா? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில, வாசல்ல நுழைஞ்சதும் இருக்கிற வழிகாட்டி மேஜையில உட்கார்ந்திருக்கேன். எந்த வலிக்கு எந்த டாக்டர், எந்த ரிப்போர்ட்டை யார்கிட்ட காட்டணும், டாக்டர்கிட்ட என்னென்ன கேட்கணும்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தொண்டை வறளச் சொல்லித் தர்றேன். என் கூடப் பிறந்தவ தெருமுனை கிளினிக்ல தேதி வாங்கிட்டு எனக்குத் தகவல் சொல்றா!

எண்டோமெட்ரியோசிஸ்னு ஒரு பேரை உன்கிட்ட யாராவது சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கு. அதுதான் மாசாமாசம் உதிர்ந்து வெளியே வருது. சிலருக்கு அதே மாதிரி ஒரு திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும். சினைப்பையில, குடல் மேல, மூத்திரப்பை மேல, எங்க வேணும்னாலும். அது அங்க வீங்கும், புண்ணாகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். டாய்லெட் போறப்ப உனக்கு உயிர் போறது அதனால இருக்கலாம். சாதாரண ஸ்கேன்ல இது நிறைய பேருக்குத் தெரியாது. நார்மல்னா 'இந்த ஸ்கேன்ல தெரியலை'னுதான் அர்த்தம். 'ஒண்ணுமில்லை'ன்னு அர்த்தம் கிடையாது.

உனக்கு அதுதான்னு நான் சொல்லலை, நான் டாக்டர் இல்லை. ஆனா நீ இதுவரைக்கும் பார்த்தவங்க இதைப் பார்க்கிற டாக்டர்களும் இல்லை. கர்ப்பப்பையை எடுத்துட்டு, குடல் மேல இருக்கிறதை அப்படியே விட்டுட்டா வலி எங்கே போகும்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். அதுவும் பூச்சி பக்கத்து வீட்டுல இருக்கு!

குழந்தை பிறந்தா சரியாயிடும்ங்கறது வைத்தியமே இல்லை. உன் மாமியார்கிட்ட நான் சொன்னதாவே சொல்லு. ஆனா ஒண்ணு. உனக்கு இன்னும் வயசு இருக்கு. எடுத்துட்டா பிறகு அழுது புரண்டாலும் வராது. உன் குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டு அலையணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாதா?

உங்க ஊர்லயே இதுக்குன்னு தனியா படிச்ச டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், தேதியைப் பின்னாடி எழுதியிருக்கேன். பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பழசுல இருந்து புதுசுன்னு வரிசையா அடுக்கி எடுத்துட்டுப் போ. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, அன்னிக்கு உன்னால என்ன வேலை செய்ய முடியலைன்னு தெளிவாச் சொல்லு. மாமாவைக் கூடக் கூட்டிட்டுப் போ, துணைக்கு ஒரு வாய் இருக்கட்டும்.

உன்
தங்கச்சி


பிப்ரவரி 3

ஆஸ்பத்திரியைக் கட்டி ஆள்ற அம்மணிக்கு,

போனோம். வந்தோம். சொல்றேன், சிரிக்காதே.

பஸ்ல முகத்தைச் சுளிச்சுக்கிட்டு உட்கார்ந்தா நாலு பேர் பார்ப்பாங்களேன்னு கிளம்பும்போதே வலி மாத்திரை போட்டுக்கிட்டேன். பெரிய டாக்டராச்சே, கசங்கின துணியிலயா போறது? அந்த நீலச் சேலையைக் கட்டி, தலையை ஒழுங்கா வாரி, பொட்டு வச்சுப் போனேன். மாமாகூட 'கல்யாணத்துக்கா போறோம்?'னார். நாளும் பாரு, வலி கொஞ்சம் அடங்கின வாரமாப் பார்த்துத்தான் லீவு கேட்டேன். வலிக்கிற வாரத்துல அவ்வளவு தூரம் யாரு பஸ் ஏறுறது?

உள்ளே போனோம். டாக்டர் நல்ல மாதிரி. 'எப்படி இருக்கீங்க?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. 'நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க நல்லா இருக்கீங்களா?'ன்னேன். வாய்ல வந்துடுச்சுடி! ஒருத்தர் அவ்வளவு மரியாதையா விசாரிக்கும்போது நாசமாப் போயிட்டேன்னா சொல்றது?

பிறகு வலியைப் பத்திக் கேட்டாங்க. இருக்கு டாக்டர், கொஞ்சம்னேன். எந்த அளவுன்னு கேட்டாங்க. நான் யோசிக்கிறதுக்குள்ள உங்க மாமா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, 'என் வீட்டுக்காரி வலி தாங்குறவ டாக்டர். காய்ச்சல்லயே நாள் முழுக்க நின்னு துணி வெட்டிட்டு வருவா. பல்லு பிடுங்கினப்பகூட ஊசி வேண்டாம்னவ. வாயே திறக்க மாட்டா'ங்கறார். என்னமோ பெண் பார்க்க வந்தவங்ககிட்ட என்னை ஒப்பிக்கிற மாதிரி. எனக்கும் அந்த நேரம் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சுன்னு வையேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

டாக்டர் அடிவயித்தைத் தொட்டுப் பார்த்தாங்க. மாத்திரை போட்டிருந்தேனா, பெரிசா ஒண்ணும் தெரியலை. மாதவிலக்கு வலி, லேசானதுன்னு எழுதி, ஒரு மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டா வரச் சொல்லிட்டாங்க. தேவைப்பட்டா!

திரும்பி வர்ற பஸ்லயே ஆரம்பிச்சுடுச்சு. மாமா தோளைக் கடிச்சுக்கிட்டு வந்தேன். 'டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே'ங்கறார் பாவி மனுஷன்.

தெருமுனை கிளினிக்கே போதும். அங்க நான் எதுவும் பேச வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 7

அக்கா,

தலையிலயே அடிச்சுக்கிட்டேன். மேஜையில இருந்த மத்தவங்க என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. என் அக்கா டாக்டர்கிட்ட நலம் விசாரிச்சுட்டு வந்திருக்கான்னேன்.

நல்லா அலங்காரம் பண்ணிக்கிட்டு, மாத்திரையும் போட்டுக்கிட்டு, வலி இல்லாத நாளாப் பார்த்துப் போய், 'நல்லா இருக்கேன்'னு சொன்னா அந்த டாக்டர் என்ன ஜோசியமா பார்ப்பாங்க? மாமா வேற! அவரை நான் கையெடுத்துக் கும்பிடறேன்னு சொல்லு. வீட்டுல இருந்து சாட்சி சொல்ல ஒருத்தர் போனா, எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிட்டு வந்திருக்கார்.

நம்ம வீட்டுல சின்ன வயசுல இருந்தே இதுதானே. யார் விழுந்தாலும் அடிபட்டாலும் 'ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை'ன்னு எழுந்து நிக்கணும். அழாதவளுக்குத்தான் நல்ல பேர். அந்தப் பேரை முழுக்க நீயே வாங்கிக்கிட்டே. ஆஸ்பத்திரியில அந்தப் பேருக்கு மரியாதை கிடையாது அக்கா. கொஞ்சம் வலின்னு சொல்லக் கூடாது. மேஜையில வயித்தை அழுத்திக்கிட்டு நிக்கறேன்னு சொல்லணும். துணி பாழாப் போச்சுன்னு சொல்லணும். டாய்லெட்ல கண்ணாடித் துண்டுன்னு எனக்கு எழுதினியே, அதை அப்படியே சொல்லியிருந்தா அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாங்க.

இனி உன்னை நம்பிப் பிரயோஜனமில்லை. அந்த டாக்டர்கிட்டயே மறுபடியும் நேரம் வாங்கிட்டேன். லீவு போட்டாச்சு, ரயில் டிக்கெட் எடுத்தாச்சு, நானே வர்றேன். நீ பேச வேண்டாம், நான் பேசிக்கறேன்.

இன்னொண்ணு. கோபப்படாதே. தெருமுனை கிளினிக்குக்கு நானே போன் போட்டு, நீ பேசற மாதிரியே பேசி, அந்தத் தேதியை வேண்டாம்னு சொல்லிட்டேன். பிறகு எனக்கு நன்றி சொல்லுவே.

தங்கச்சி


பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

நன்றி சொல்லத்தான் எழுதறேன்னு நினைச்சா, இங்கேயே மடிச்சு வச்சுடு.

நீ வந்தப்ப மாமியார் முன்னாடி எதுவும் பேச வேண்டாம்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஸ்டேஷன்ல உன்னை ரயில் ஏத்தும்போதும் பேசலை. இப்போ பேசறேன்.

என் பேர்ல, என் குரல்ல, என் ஆபரேஷனை நீ ரத்து பண்ணியிருக்கே. அந்தத் தேதிக்கு சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையா லீவு வாங்கி வச்சிருந்தேன். அது எனக்குச் சரியான ஆபரேஷனா தப்பான ஆபரேஷனாங்கறது வேற விஷயம். தேதி என்னோடது.

அதைக்கூட விடு. டாக்டர் அறையில என்ன நடந்துச்சு? எத்தனை வருஷமா வலின்னு கேட்டாங்க. நீ சொன்னே. எங்கன்னு கேட்டாங்க. நீ சொன்னே. அவங்க என் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க, நான் வாயைத் திறந்தேன், 'அக்கா சொல்ல மாட்டா டாக்டர், நான் சொல்றேன்'னே. நான் எழுதின கண்ணாடித் துண்டைக்கூட நீதான் சொன்னே. நான் மடியில பையை வச்சுக்கிட்டு, பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க வந்தவ மாதிரி உட்கார்ந்திருந்தேன். இல்லை, சேர்க்கக் கூட்டிட்டு வந்த பொண்ணு மாதிரி. டாக்டர் உள்ளே கை வச்சுப் பார்த்தப்ப 'ஆ'ன்னு கத்தினேனே, அது ஒண்ணுதான் அன்னிக்கு நானாச் சொன்னது.

சரி, அதனாலதான் டாக்டருக்கே சந்தேகம் வந்து எம்.ஆர்.ஐ. எழுதினாங்க. ஒத்துக்கறேன். நீ சொல்ற மருத்துவம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

கடைசியா ஒண்ணு கேட்டாங்களே. 'குழந்தை விஷயத்துல உங்க எண்ணம் என்ன?' என்னைப் பார்த்துத்தான்டி கேட்டாங்க. நீ, 'கண்டிப்பா வேணும் டாக்டர், எப்பாடுபட்டாவது கர்ப்பப்பையைக் காப்பாத்திக் கொடுங்க'ன்னே. கண்ணுல தண்ணி வேற உனக்கு.

என்கிட்ட கேட்டியா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டியா?

மாமியார் பெத்துக்கங்கறாங்க. கிளினிக்ல எடுத்துடுங்கறாங்க. நீ காப்பாத்துங்கறே. எல்லாருக்கும் என் வயித்து மேலதான் கண்ணு. மூஞ்சியை ஒருத்தராவது நிமிர்ந்து பார்த்தீங்களா?

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே. போனும் பண்ணாதே. நான் எடுக்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

எழுதாதேன்னு சொன்னா எழுதாம இருக்கறவளா நான்?

எனக்கு ஆத்திரமா வருது. லீவு போட்டு, விடிய விடிய ரயில்ல உட்கார்ந்து வந்து, உனக்காகப் பேசினா இதுதான் கிடைக்குமா? நீ பேசியிருந்தா நான் ஏன் பேசப் போறேன்? நீதான் டாக்டர்கிட்ட 'நீங்க நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டு வந்தவ. நல்லதுக்குக் காலமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க.

குழந்தை விஷயத்துல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? உனக்குக் குழந்தைன்னா ஆசைதானே? என்னைத் தூக்கி வளர்த்தவளே நீதானே? உனக்கு வேண்டாம்னு எப்பவாவது சொல்லியிருக்கியா?

எம்.ஆர்.ஐ. எடுத்தியா, இல்லையா? அதையாவது சொல்லு. தவற விட்டுடாதே.

தங்கச்சி


மார்ச் 21

அன்பான அக்காவுக்கு,

பதில் இல்லை. மாமாகிட்ட போன் போட்டேன். 'நல்லாத்தான் இருக்கா'ன்னார். உங்க வீட்டுல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அதனால தூக்கமே இல்லை.

இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு. என் மேஜைக்கு ஒரு பொண்ணு வந்தா. கூட அவளோட அண்ணி. நான் அந்தப் பொண்ணுகிட்ட எங்க வலிக்குதுன்னு கேட்கறேன், அண்ணி பதில் சொல்றாங்க. எப்ப இருந்துன்னு கேட்கறேன், அண்ணிதான். இது எனக்குத் தினப்படி வேலை. இந்த மாதிரி நேரத்துல, 'நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காருங்கம்மா, அவங்களே சொல்லட்டும்'னு சொல்லணும்னு எங்களுக்குப் பயிற்சியே கொடுத்திருக்காங்க. அப்படியே சொன்னேன். அந்தம்மாவுக்கு வந்துச்சே கோபம்! 'அவளுக்கு என்ன தெரியும்? வாயைத் திறந்து ஒண்ணு சொல்லத் தெரியாது. அவளுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?'னு கூடத்துல எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாங்க.

ஒவ்வொரு வார்த்தையும் நான் பேசினது. ஊருக்கெல்லாம் 'அவங்களே பேசட்டும்'னு உபதேசம் பண்ற நான், உன்னைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு உன் வாயை அடைச்சேன். எனக்கு அவமானமா இருக்கு. மேஜையை விட்டு எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன்.

உனக்குக் குழந்தை வேண்டாம்னு எப்பவாவது சொன்னியான்னு போன கடிதத்துல கேட்டிருந்தேன். அது கேள்வியே இல்லை, சண்டை. இப்போ நிஜமாவே கேட்கறேன். உனக்கு என்ன வேணும்? இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. நான் எதையும் யூகிக்கவும் போறதில்லை.

நீ எழுதற வரைக்கும் நான் எழுத மாட்டேன்.

தங்கச்சி


ஏப்ரல் 8

என் தங்கச்சிக்கு,

'நான் எழுத மாட்டேன்'னு நீ எழுதி, நிஜமாவே எழுதாம இருந்தே பாரு, அப்பதான் எனக்குப் பயமே வந்துச்சு. உனக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு மாமாகிட்ட கேட்டேன். 'உங்க ரெண்டு பேர் கூடவும் என்னால முடியாது'ன்னு எழுந்து போயிட்டார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தேன். சவப்பெட்டி மாதிரி ஒரு குழாய், உள்ளே டமால் டமால்னு சத்தம், அசையக் கூடாதாம். எங்க தொழிற்சாலையில இருக்கிற சத்தத்துக்கு அது ஒண்ணுமேயில்லை, தூங்கியே போயிட்டேன்.

ரிப்போர்ட்டைக் காட்ட நானே தனியாப் போனேன். நாள் பார்த்துப் போகலை. வேலை நடுவுல வலி வந்து, மிஷினை நிறுத்திட்டு, துணித் தூசியோட அப்படியே ஒரு வண்டி பிடிச்சுப் போனேன். காத்திருக்கிற இடத்துல பெஞ்சுல படுத்துட்டேன். பக்கத்துல இருந்தவங்க 'உட்காருங்கம்மா, எல்லாரும் பார்க்கறாங்க'ன்னாங்க. பார்க்கட்டும்னேன். அவ்வளவு எரிச்சல். டோக்கன் கொடுக்கிற பையன் இன்னும் நேரமாகும்னான். 'ஆகட்டும், நான் இங்கதான் செத்துக் கிடப்பேன்'னேன். உடனே கூப்பிட்டுட்டாங்க. இத்தனை வருஷம் மரியாதையா நடந்து என்னத்தைக் கண்டேன், சொல்லு.

டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. 'நல்லா இல்லை'ன்னேன். அதைச் சொன்னதும் அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. நான் அழுததை நீ பார்த்ததே இல்லை. எனக்கே புதுசாத்தான் இருந்துச்சு. டாக்டர் பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். டாய்லெட், மேஜை, பாழாப் போன துணி. மாமாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டு எவ்வளவு நாளாச்சுன்னுகூட. அது ஏன்னு அவருக்கே தெரியாது, பாவம், தன்னைப் பிடிக்கலை போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார்.

நீ சொன்னதுதான். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குப் பின்னாடி, குடலோட சேர்த்து ஒட்டியிருக்காம். கர்ப்பப்பைச் சதைக்குள்ளயும் இருக்காம். கிளினிக்ல எடுத்திருந்தா குடல் மேல இருக்கிறதை அப்படியே விட்டிருப்பாங்க, நானும் ஆபரேஷன் பண்ணியும் ஏன் வலிக்குதுன்னு மறுபடி வயித்து டாக்டர்கிட்ட போயிருப்பேன். அந்தத் தேதியை நீ ரத்து பண்ணினது தப்பு. பண்ணாம இருந்திருந்தா நான் நாசமாப் போயிருப்பேன். ரெண்டும் நிஜம். எதுக்குக் கோபப்படறது, எதுக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நாள் எழுதலை.

டாக்டர் சொன்னாங்க, வளர்ந்திருக்கிறதை எடுக்கறதுதான் முக்கியம், குடல் டாக்டரும் கூட இருப்பார். கர்ப்பப்பையை வச்சுக்கறதா எடுக்கறதா, அது உங்க இஷ்டம். எடுத்தா மாதவிலக்கு நிக்கும், சதைக்குள்ள இருக்கிறதும் போகும். ஆனா இனி ஒருநாளும் வலியே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. வச்சுக்கிட்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டும் பார்க்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லைன்னாங்க.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கலை. எனக்குக் குழந்தை வேண்டாம். உன்னை வளர்த்தேன், அது எனக்குப் போதும்னு எப்பவோ தோணிடுச்சு. ஆனா யார் கேட்டாலும் 'பார்க்கலாம், பார்க்கலாம்'னு சொல்லிச் சொல்லி, எனக்கே அது ஆசை மாதிரி ஆயிடுச்சு. எனக்கு வேண்டியதைக் கேட்கறியே, சொல்றேன். நான் என் மேஜையில நிமிர்ந்து நிக்கணும். அந்தக் கத்தியை நேராப் பிடிக்கணும். சாப்பிட உட்காரும்போது பிறகு டாய்லெட் போகணுமேன்னு பயப்படாம சாப்பிடணும். என் புருஷன் பக்கத்துல பயமில்லாம படுக்கணும். அவ்வளவுதான்டி. எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். அன்னிக்குக் கிளினிக்ல சொன்னது அலுத்துப் போய்ச் சொன்னது. இன்னிக்குத் தெரிஞ்சு சொன்னேன்.

மாமாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். 'எனக்கும் அப்படியொண்ணும் ஆசை இல்லை. உனக்கு வேணும்னுதான் நான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்'ங்கறார். 'உங்களுக்கு வேணும்னுதான் நானும் பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்'னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டோம். மாமியார் உள்ளே இருந்து யாரு, என்னவாம்னாங்க. சொல்லிட்டோம். அன்னியில இருந்து அவங்க என்கூடப் பேசறதில்லை. வீடு அமைதியா இருக்கு.

ஆபரேஷன் மே மாசம் முதல் வாரம். இந்தத் தேதியை நீ தொடாதே.

போன வாரம் நர்ஸ் உட்கார வச்சு எல்லாம் விளக்கினாங்க. என்னென்ன செய்வாங்கங்கறதை முன்னாடியே என்கிட்ட பேசிடுவாங்களாம். ஆனாலும் குடல் விஷயம், உள்ளே போனப்பறம் எதிர்பாராம ஏதாவது இருந்தா, நான் மயக்கத்துல இருப்பேன், வெளியே யார்கிட்ட கேட்கணும்னு கேட்டாங்க. மாமா கையைத் தூக்கினார். நான் கையை இறக்கி விட்டேன். என் தங்கச்சிகிட்ட கேளுங்க, எனக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்.

அதனால ஒரு வாரம் முன்னாடியே லீவு சொல்லி வை. என் வாய் திறக்காத அந்த நேரத்துக்கு நீதான் பேசணும்.

உன்
அக்கா